யோகமும் ஆராய்ச்சியும்: மாத்திரையை நிறுத்தலாமா?



யோகம் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற பெருஞ்செல்வம். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரமும், திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் எட்டு உறுப்புகள் கொண்ட யோக நெறியை விளக்குகின்றன. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அந்த எட்டு. இவற்றுள் இன்று உலகெங்கும் 'யோகா' என்ற பெயரில் பயிலப்படுவது பெரும்பாலும் ஆசனமும் பிராணாயாமமும், ஓரளவு தியானமும்தான். மருத்துவ உலகம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் இவற்றைத்தான்.

நான் 28 ஆண்டுகள் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் யோக வகுப்பு நடத்தி வருகிறேன். வகுப்புக்கு வருவோர், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர்கள், என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாஸ்டர், யோகா ஒழுங்காகச் செய்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அந்த விடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மனம் அதை ஏற்கும். ஆகவே, ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக யோகத்தைப் பற்றி நடந்துள்ள ஆராய்ச்சிகளில் முக்கியமான சிலவற்றை இங்கே ஒரு பாடமாகத் தொகுத்துத் தருகிறேன்.

லோனாவ்லாவில் தொடங்கிய பணி

யோகத்தை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்ற முன்னோடிகளுள் தலையாயவர் சுவாமி குவலயானந்தர் (1883–1966). இவர் 1924ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்தில், பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே உள்ள லோனாவ்லா என்னும் மலை ஊரில் கைவல்யதாமம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'யோக மீமாம்சா' என்ற ஆராய்ச்சி இதழையும் வெளியிட்டார். எக்ஸ்ரே கருவியையும் அழுத்தமானியையும் கொண்டு, உட்டியாண பந்தம், நௌலி ஆகிய பயிற்சிகளின்போது வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். நௌலி செய்யும் வேளையில் பெருங்குடலின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறைகிறது என்பதைக் கண்டறிந்து, அதற்குத் தம் குருவாகிய மாதவதாசரின் பெயரைச் சூட்டினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குவலயானந்தர் யோகத்தை ஐயுற்றவர் அல்லர்; அதைத் தம் வாழ்வாகவே கொண்டவர். ஆயினும் "நூலில் உள்ளது, ஆகவே நம்புங்கள்" என்று சொல்லி அவர் நின்றுவிடவில்லை. அளந்து பார்த்து, கண்டதை அச்சிட்டு, பிறர் சோதிக்கும்படி வெளியிட்டார். பக்தியும் ஆராய்ச்சியும் ஒரே நெஞ்சில் வாழ முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இதயம் உண்மையில் நின்றதா?

யோகிகள் தம் இதயத் துடிப்பையே நிறுத்த வல்லவர்கள் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. 1935ஆம் ஆண்டில் தெரேஸ் பிரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கருவியுடன் இந்தியா வந்து சோதித்தார். இதயம் ஏறக்குறைய நின்றுவிட்டது போன்ற பதிவு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அச்செய்தி மேல்நாட்டிலும் பரவியது.

பின்னர் அமெரிக்காவைச் சேர்ந்த வெங்கர், பாக்சி ஆகியோரும், டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்தும் சேர்ந்து இதனை மீண்டும் ஆராய்ந்து, 1961இல் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. அதனால் மணிக்கட்டில் நாடி தட்டுப்படுவதில்லை. மார்பில் வைத்த ஸ்டெதஸ்கோப்பிலும் ஒலி மங்கிவிடுகிறது. ஆனால் இதயத்தின் மின் பதிவோ, துடிப்பு தொடர்ந்து நடப்பதைத் தெளிவாகக் காட்டியது. இதயம் நிற்கவில்லை.

இதைக் கேட்டுச் சிலர் மனம் வருந்தலாம். வருந்த வேண்டியதில்லை. அதே 1961இல், ஆனந்த் குழுவினர் ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் இருக்கச் செய்து அளந்தபோது, அவர் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவின் அளவு வழக்கத்தைவிடக் கணிசமாகக் குறைந்ததைப் பதிவு செய்தனர். ஆக, ஒரே காலத்தில் ஒரு செய்தி பொய்த்தது, மற்றொன்று உறுதிப்பட்டது. சோதனை என்பது யோகத்திற்குப் பகை அன்று. பதரைத் தூற்றி நெல்லைக் கையில் தருகின்ற முறம் அது.

ஒப்பிட்டுப் பார்த்தல் என்னும் முறை

இனி நம் கேள்விக்கு நெருங்கி வருவோம். இங்கிலாந்தில் குரோய்டன் நகரில் குடும்ப மருத்துவராக இருந்தவர் சந்திரா பட்டேல் என்ற பெண்மணி. அவர் நார்த் என்பவருடன் சேர்ந்து 1975இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். உயர் இரத்த அழுத்தம் உள்ள 34 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஆறு வாரம் யோக முறையில் உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சி தரப்பட்டது. தளர்வின் அளவை ஒரு கருவி ஒலியால் உடனுக்குடன் உணர்த்தியது. மற்றக் குழுவினர் பொதுவான ஓய்வு மட்டுமே எடுத்தனர்.

முடிவு என்ன? யோகக் குழுவின் சராசரி இரத்த அழுத்தம் 168/100இலிருந்து 141/84க்கு இறங்கியது. மற்றக் குழுவில் 169/101 என்பது 160/96 ஆயிற்று. பிறகு அந்த இரண்டாம் குழுவுக்கும் அதே பயிற்சியைக் கற்றுக் கொடுத்தபோது, அவர்களுடைய அழுத்தமும் முதல் குழுவின் நிலைக்கு இறங்கியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எதையும் சிறப்பாகச் செய்யாத குழுவுக்கும் அழுத்தம் சிறிது குறைந்திருக்கிறது அல்லவா? மருத்துவரைப் பலமுறை பார்த்துப் பழகிய அமைதி, ஓய்வாகப் படுத்த நேரம், நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற ஆறுதல் ஆகியவையே அதற்குக் காரணமாகலாம். ஒப்பிட இரண்டாம் குழு இல்லாதிருந்தால், இந்தக் குறைவும் யோகத்தின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். எனவே, "யோகா செய்தேன், குணமானேன்" என்று ஒருவர் கூறும்போது, "செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பதே ஆராய்ச்சியின் முதற்பாடம்.

ஆஸ்துமாவும் முதுகுவலியும்

பெங்களூரில் டாக்டர் நாகரத்னா, டாக்டர் நாகேந்திரா ஆகிய இருவரும் நடத்திய ஆஸ்துமா ஆய்வு 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. 53 நோயாளிகள் இரண்டு வாரம், நாளொன்றுக்கு 65 நிமிடம் யோகப் பயிற்சி பெற்றனர். வயதிலும் நோயின் கடுமையிலும் அவர்களுக்கு இணையான வேறு 53 பேர் வழக்கமான மருந்தை மட்டும் தொடர்ந்தனர். பயிற்சி பெற்றோருக்கு மூச்சுத்திணறல் வருவது குறைந்தது. மருந்தின் தேவையும் குறைந்தது. பின்னாளில், 2016இல், இத்தகைய 15 ஆய்வுகளைச் சேர்த்து (மொத்தம் 1,048 பேர்) அலசிய காக்ரேன் குழு, யோகத்தால் ஆஸ்துமா நோயாளியின் வாழ்க்கைத் தரத்திலும் நோய்க் குறிகளிலும் சிறிதளவு முன்னேற்றம் ஏற்படக்கூடும் என்று கூறியது. 'சிறிதளவு' என்ற சொல்லை அன்பர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

நாள்பட்ட இடுப்பு, முதுகு வலியில் யோகத்தின் பயன் நன்கு ஆராயப்பட்டுள்ளது. 2017இல் 12 ஆய்வுகளையும் 1,080 பேரையும் கணக்கில் எடுத்த காக்ரேன் அலசல், உடற்பயிற்சி ஏதும் செய்யாதவர்களைவிட யோகம் செய்தவர்கள் அன்றாட வேலைகளை ஓரளவு எளிதாகச் செய்தார்கள் என்று கண்டது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாக யோகத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2011இல் அமெரிக்காவில் 228 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், யோக வகுப்பும் சாதாரணத் தசை நீட்டல் பயிற்சி வகுப்பும் ஏறக்குறைய ஒரே பயனைத் தந்தன. பயன் உண்டு என்பது உண்மை. அது யோகத்திற்கு மட்டுமே உரியது என்று முதுகுவலியைப் பொறுத்தவரை நாம் மார்தட்ட முடியாது.

மந்திரமும் மூச்சும்

பக்தர்களுக்கு மகிழ்ச்சி தரும் ஆய்வு ஒன்று 2001இல் இத்தாலியிலிருந்து வந்தது. பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் உடல்நலமுள்ள 23 பேரை ஆராய்ந்தனர். அவர்கள் யோக மந்திரம் ஒன்றை உருவேற்றும்போதும், கிறிஸ்தவர்களின் ஜெபமாலை மன்றாட்டை இலத்தீன் மொழியில் சொல்லும்போதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு மெதுவாயிற்று.

நம் உடலில் இரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் ஓர் ஏற்பாடு உண்டு. அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை இதயத் துடிப்பைத் தணிக்கிறது. அழுத்தம் இறங்கினால் துடிப்பைக் கூட்டுகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற தாளத்தில் இந்த ஏற்பாடு மேலும் கூர்மையாக வேலை செய்வதை அக்குழு அளந்து காட்டியது. நிறுத்தி நிதானமாக மந்திரம் சொல்லும்போது மனம் அடங்குவதற்கு உடலிலும் ஒரு காரணம் இருக்கிறது. அதே பயன் வேறு சமயத்தார் மன்றாட்டிலும் கிடைத்தது என்பதை நாம் பெருந்தன்மையோடு ஏற்க வேண்டும்.

நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு வரலாறு

தமிழகத்தின் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர், துறவு மேற்கொள்வதற்கு முன் 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராகத் தொண்டாற்றியவர். சிரம்பான் வட்டாரத் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் நம் தொழிலாள மக்களுக்கு அவர் மருந்து கொடுத்தார். அவருடைய சீடர், கோவைப் பகுதியைச் சேர்ந்த சுவாமி சச்சிதானந்தர். அவரிடம் யோகம் பயின்றவர்தான் அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ்.

ஆர்னிஷ் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இதய இரத்தக்குழாய் அடைப்பு உள்ள 48 பேர் இருந்தனர். 28 பேர் கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, புகைப்பிடித்தலைக் கைவிடுதல், மிதமான உடற்பயிற்சி, யோக முறையிலான மன அமைதிப் பயிற்சி, குழுவாகக் கூடிப் பேசுதல் ஆகிய அனைத்தையும் கடைப்பிடித்தனர். ஓராண்டில் அவர்களுடைய அடைப்பின் சராசரி 40 விழுக்காட்டிலிருந்து 37.8 விழுக்காடாகக் குறைந்தது. மற்றவர்களுக்கோ 42.7 விழுக்காட்டிலிருந்து 46.1 விழுக்காடாகக் கூடியது. அடைப்பு சிறிதேனும் பின்வாங்க முடியும் என்பதே அந்நாளில் பெருஞ்செய்தி. ஆனால் இதில் யோகத்தின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஞாயிறு காலை யோகம் செய்துவிட்டு, வெளியே வந்து நான்கு ரொட்டி சானாயும் சீனி போட்ட தே தாரிக்கும் சாப்பிடுகிறவர் ஆர்னிஷ் ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது.

மிகப் பெரிய சோதனை

இதய நோயாளிகளிடையே யோகத்தைப் பற்றி நடந்த மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் நடைபெற்றது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,959 பேர் அதில் பங்கு கொண்டனர். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்குக் கூடுதலாக மூன்று மாதத்தில் 13 யோக வகுப்புகள்; மற்றவர்களுக்கு உடல்நல அறிவுரை வகுப்புகள். முடிவு 2020இல் வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில், இறப்பு, மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், அவசர மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தவர்கள் யோகக் குழுவில் 6.7 விழுக்காடு, மற்றக் குழுவில் 7.4 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடிய அளவே. எனினும் யோகம் செய்தவர்கள் தங்கள் உடல்நிலையைச் சற்று மேலாக உணர்ந்தார்கள். நோய்க்கு முன் செய்துவந்த அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதிலும் மேம்பட்டிருந்தார்கள்.

நேர்மையான ஆய்வு இப்படித்தான் பேசும். வாழ்வைத் தெம்பாக்குகிறது என்பதை அளந்து சொன்னது. உயிரைக் காக்கிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னது.

ஆகவே, மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.

மேலே கூறிய ஆய்வுகளை மீண்டும் பாருங்கள். ஆஸ்துமா நோயாளியோ மாரடைப்பு வந்தவரோ, யாரிடமும் மருந்தை எறிந்துவிட்டு யோகத்திற்கு வரும்படி ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மருந்தோடு சேர்த்தே யோகம் சோதிக்கப்பட்டது. மருந்தின் தேவை குறைந்தவர்களுக்கும், அளந்து பார்த்த பிறகே குறைக்கப்பட வேண்டும். நீரிழிவைப் பற்றியும் நம்பிக்கை தரும் ஆய்வுகள் உள்ளன. ஆனால் அவற்றுள் பல, சிறு எண்ணிக்கையினரைக் கொண்டு சில மாதங்களே நடந்தவை.

நம் சமுதாயத்தின் நிலையை எண்ணிப் பார்த்தால் இக்கேள்வி எவ்வளவு கனமானது என்பது விளங்கும். மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்!

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இருந்தார். ஒரு ஞாயிறன்று பயிற்சிக்கு முன் தலை கனமாக இருப்பதாகச் சொன்னார். அழுத்தத்தை அளந்தேன், 194/108. "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "இரண்டு மாசமா போடலை மாஸ்டர். யோகா செய்யறவங்களுக்கு மருந்தே வேண்டாம்னு ஒரு கூட்டத்தில் சொன்னாங்க. நானும் நல்லாத்தானே இருந்தேன்" என்றார். அவரைப் பாயில் அமர வைக்கவில்லை. மகனை அழைத்து அப்போதே கிளினிக்குக்கு அனுப்பினேன். மருந்து மீண்டும் தொடங்கப்பட்டது. ஆண்டவன் அருளால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. மருந்தோடு சேர்த்து இன்றும் சவாசனமும் மெதுமூச்சும் செய்து வருகிறார்.

"நல்லாத்தானே இருந்தேன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி தராது. யோகம் தரும் மன அமைதியோ உடனே தெரியும். ஆகவே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே நலமாக இருப்பதாகத் தோன்றக்கூடும். மருத்துவமனை வார்டில் நான் பணியாற்றிய காலத்தில், இப்படி மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களைத் தூக்கிப் படுக்க வைத்திருக்கிறேன். கையும் பேச்சும் போன பின் எந்த ஆசனம் அவற்றை முழுமையாகத் திருப்பித் தரும்?

எச்சரிக்கையும் வழிமுறையும்

யோகத்தால் தீங்கே வராது என்பதும் சரியன்று. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவது தெரிய வந்தது. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. எனவே அன்பர்கள் கீழ்க்காணும் முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

1. பயிற்சியில் சேருமுன் உங்களுக்குள்ள நோய்களையும், உண்ணும் மருந்துகளையும் ஆசிரியரிடம் கூறுங்கள். யோகம் செய்வதை உங்கள் மருத்துவரிடமும் கூறுங்கள்.

2. கண் அழுத்த நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்கவும். மூச்சை நெடுநேரம் அடக்க வேண்டாம்.

3. நீரிழிவு மருந்து அல்லது இன்சுலின் எடுப்போர் வெறும் வயிற்றில் நெடுநேரம் பயிற்சி செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். கைகால் நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்தி இனிப்பு அருந்தவும்.

4. தினமும் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு சற்று நீளமாக இருக்கும்படி மெதுவாகச் சுவாசிக்கவும். விரும்பினால் இறைவன் திருநாமத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

5. வாரம் ஒருமுறை இரத்த அழுத்தத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். மருத்துவரைக் காணும்போது அதைக் காட்டுங்கள். அளவு தொடர்ந்து இறங்கினால் மருந்தைக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்வார்.

நன்கொடை வழங்கும் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். யோக வகுப்புக்குப் பாய்களும் மின்விசிறிகளும் வழங்கி வருகிறீர்கள், நன்றி. அவற்றோடு ஒவ்வொரு மண்டபத்திலும் ஓர் இரத்த அழுத்தக் கருவியும், சர்க்கரை அளக்கும் கருவியும் இருக்க உதவுங்கள். பாய் விரித்து அமர்பவர் முதலில் கையை நீட்டி அளந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், அந்த அம்மாவைப் போல் இன்னும் பலரை உரிய நேரத்தில் காப்பாற்ற முடியும்.

யோகத்தின் முதல் உறுப்பாகிய இயமத்தில் சத்தியமும் அடங்கும். யோகத்தைப் பற்றிப் பேசும்போதும் சத்தியம் வேண்டும். அது தராததைத் தரும் என்று கூறுவது யோகத்திற்குச் செய்யும் சிறப்பு அன்று. ஆராய்ச்சி அளந்து சொன்ன நன்மைகளே நமக்குப் போதும்: இறங்கும் அழுத்தம், தணியும் வலி, எளிதாகும் மூச்சு, தெளியும் மனம். மருந்தை ஒரு கையிலும் யோகத்தை மறு கையிலும் பற்றி, அனைவரும் நோயற்ற நல்வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.